சொல்ல முடியாத கணக்கு

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் உள்தணிக்கைத் துறையில் வேலை செய்தால், ஒரு கேள்வியிலிருந்து அவர் தப்ப முடியாது. என் நாத்திகம் அலுவலகத்தில் தெரியவரும்போதெல்லாம் யாராவது ஒருவர், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான், "அப்படியானால் தப்பு செய்யாமல் உங்களைத் தடுப்பது எது, சார்?" என்று கேட்டுவிடுகிறார். எங்கள் தொழிலின் அடிப்படையே இந்தக் கேள்வியைத் தேவையற்றதாக்கும் ஏற்பாடுதான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பணத்தை வாங்குபவர் ஒருவர், ஏட்டில் பதிபவர் இன்னொருவர், வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் மூன்றாமவர் என்று வேலையைப் பிரித்து வைக்கும் எந்தத் தணிக்கைப் படிவத்திலும், அந்த மூவரும் கடவுளை நம்புகிறவர்களா என்று குறிப்பதற்கு ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வில் ஜெர்வைஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 13 நாடுகளில் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கொடுஞ்செயல்களைச் செய்யும் ஒருவரைப் பற்றிய விவரிப்பைப் படித்தவர்கள், அவர் கடவுளை நம்பாதவராக இருப்பார் என்றே எளிதில் எண்ணினார்கள். அதில் என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று: நாத்திகர்களிடமும் அதே சாய்வு இருந்தது. நம்பாதவர்களே நம்பாதவர்களைச் சந்தேகிக்கிறார்கள் என்றால், அந்தச் சந்தேகம் அனுபவத்திலிருந்து வந்ததாக இருக்க முடியாது.

அனுபவம் என்று பார்த்தால், கையாடல் செய்தவர்களைப் பற்றித் தணிக்கையாளர்கள் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுவது டொனால்டு கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியலாளர் கண்டறிந்தவற்றைத்தான். நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை எடுத்ததற்காகச் சிறையில் இருந்தவர்களை நேரில் சந்தித்துப் பேசி, 1953-இல் அவர் தன் முடிவுகளை வெளியிட்டார். யாரிடமும் சொல்ல முடியாததாக அந்த மனிதர் கருதும் ஒரு பணச் சிக்கல், அதை ரகசியமாகத் தீர்த்துக்கொள்ளப் பதவி தரும் வாய்ப்பு, தன்னை இன்னும் நேர்மையானவனாகவே நினைத்துக்கொள்ள உதவும் ஒரு சமாதானம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்திருந்தன என்பது அவருடைய முடிவு. பயிற்சி வகுப்புகளில் இதை ஒரு முக்கோணமாக வரைந்து, இரண்டாவது பக்கமான வாய்ப்பைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுவோம், ஏனென்றால் எங்களால் அடைக்க முடிந்த ஓட்டை அது ஒன்றுதான். முதல் பக்கத்தை விரைவாகக் கடந்துவிடுவோம். எனக்கு இப்போது அந்த முதல் பக்கமே முக்கியமாகத் தோன்றுகிறது.

நான் பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில், ஒரு வாடிக்கையாளர் செலுத்திய தொகையை எடுத்துக்கொண்டு, அடுத்தவர் செலுத்தும் தொகையால் முந்தையவரின் கணக்கை நிரப்பி, அந்தப் பள்ளத்தை இன்னொருவரின் பணத்தால் மூடிக்கொண்டே போன காசாளர் ஒருவர் இருந்தார். இந்த வகைக் கையாடலுக்கு ஓய்வே கிடையாது. ஒரு நாள் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் சங்கிலி அறுந்துவிடும் என்பதால், அவர் விடுப்பே எடுக்காதவர் என்று பெயர் வாங்கியிருந்தார். கடைசியில் உடல்நலக் குறைவால் விடுப்பு எடுக்க நேர்ந்தபோதுதான் எல்லாம் வெளிப்பட்டது. அவர் ஆழ்ந்த பக்தர். அந்தப் பக்தி வெறும் வேடம் என்று அலுவலகத்தில் பலர் உடனே தீர்ப்பு எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசாரணையின்போது தன் கடனைப் பற்றி ஒவ்வொரு நாளும் கடவுளிடம் முறையிட்டதாக அவர் சொன்னதை நான் நம்பினேன். அவர் சொல்லாமல் இருந்தது மனிதர்களிடம், தன் மனைவி உட்பட.

சில ஆண்டுகள் கழித்து இன்னோர் இடத்தில், மதத்தைக் கடுமையாக விமர்சிக்கும், நன்கு படித்த ஓர் அதிகாரி, செய்யாத பயணங்களுக்குப் படி கோரியிருந்தது தெரியவந்தது. என் தரப்பு ஆள் என்று மனதுக்குள் எண்ணியிருந்த மனிதர் அவர். விடுமுறை நாள்களையெல்லாம் நிறுவனம் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதற்கு அது ஈடு என்று ஒரு வாதத்தை அவர் செம்மையாகக் கட்டியிருந்தார். உலகத்தையே ஏற்கவும் மறுக்கவும் போதிய கருத்துகள் இருவரிடமும் இருந்தன. ஆனால் விளக்கக் கடிதத்தில் இருவரும் எழுதிய கடைசி வரி ஏறத்தாழ ஒன்றுதான்: திருப்பிச் செலுத்திவிடலாம் என்றே நினைத்திருந்தேன்.

ஆக, என்னைத் தடுப்பது எது? கடவுள் ஆணையிடுவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுள் ஆணையிடுகிறாரா என்று சாக்ரட்டீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியதை இளமையில் நான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள், ஆனால் யாரும் சமாதானம் அடையவில்லை. இன்று எனக்குப் பொருத்தமாகப் படுவது, ஆய் என்னும் வேளின் கொடையைப் பாடிய முடமோசியாரின் புறநானூற்றுப் பாட்டு. இப்பிறவியில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் பார்க்கும் 'அறவிலை வணிகன்' அல்லன் ஆய் என்று சொல்லிவிட்டு, பிற சான்றோரும் சென்ற வழி என்பதாலேயே அவன் கை கொடுக்கிறது என்று புலவர் முடிக்கிறார். என் நிலையும் ஏறக்குறைய அதுவே. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலிருந்த அதிகாரி, ஒப்பந்ததாரர் அனுப்பும் எந்தப் பரிசையும் பிரிக்காமல், கோபப்படாமல், நன்றிக் கடிதத்தோடு திருப்பி அனுப்புவார். அவர் கடவுளை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. அவரைப் பார்த்துப் பழகிய கை வேறு மாதிரி செய்யக் கூசுகிறது.

இந்தப் பழக்கத்துக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், இறையியல் மாணவர்கள் 40 பேரை ஒவ்வொருவராக ஓர் உரை நிகழ்த்த அனுப்பி, வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கும்படி டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் ஏற்பாடு செய்தார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காடு மட்டுமே. காலாண்டு முடிவில் எந்த வவுச்சரில் யார் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார் என்று தேடும் எவருக்கும் இது வியப்பளிக்காது.

மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது நாத்திகர்கள் கொஞ்சம் எளிதாகத் தப்பித்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். அச்சத்திலிருந்து விடுபட்டால் போதும், மகிழ்ச்சி தானே வரும் என்கிறோம். கடவுளர் மனித வாழ்வில் தலையிடுவதில்லை என்று கருதிய கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸ் (கி.மு. 341–270) இதைவிடக் கறாரானவர். ரகசியமாக அநீதி செய்தவன் பத்தாயிரம் முறை தப்பினாலும், சாகும்வரை அகப்பட மாட்டோம் என்று உறுதியாக இருக்க முடியாது என்றார். அந்தக் காசாளரின் விடுப்பில்லாத ஆண்டுகளை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், இதை நான் தத்துவமாகப் படிக்கவில்லை. ஆனால் அச்சம் நீங்குவதோடு எபிகியூரஸ் நிறுத்தவும் இல்லை. வாழ்நாள் முழுமைக்குமான இன்பத்துக்கு அறிவு தேடித் தருபவற்றுள் நட்பே மிகப் பெரியது என்று சொல்லி, ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்தார்.

அங்கேதான் எங்கள் பற்றாக்குறை இருக்கிறது. வழிபாட்டுக்குத் தவறாமல் செல்பவர்கள் வாழ்வில் அதிக நிறைவோடு இருப்பது ஏன் என்று லிம், புட்னம் என்ற சமூக ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவில் ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள். வழிபாட்டிடத்தில் நெருங்கிய நண்பர்கள் இருப்பவர்களிடமே அந்த நிறைவு தெரிந்தது. அங்கே நண்பர் எவரும் இல்லாமல் சென்று வருபவர்கள், செல்லாதவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை. நம்பிக்கை இல்லாத எனக்கு, யாரும் அழைக்காமலே வாரந்தோறும் போய் உட்கார்ந்து "இந்த மாதம் சிரமம்" என்று சொல்ல ஓர் இடம் தானாக அமைந்துவிடவில்லை. பழைய சக ஊழியர்கள் சிலரோடு வாரம் ஒரு முறை பேசும் வழக்கத்தை நானே முயன்று உண்டாக்கிக்கொண்டேன். அதில் பாதி நேரம் வீண் பேச்சுதான். இருந்தும் என் வீட்டுக் கடன் நிலுவையை நான் முதலில் வாய்விட்டுச் சொன்னது அவர்களிடம்தான். சொன்ன பிறகு அது சாதாரணக் கடனாகிவிட்டது.

இப்போதைய நிறுவனத்தில், பணத்தைக் கையாளும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை தொடர்ச்சியாக விடுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு பரிந்துரையும், பணச் சிக்கலில் இருப்பவர்கள் தங்கள் மேலாளருக்குத் தெரியாமல் முன்பணமும் ஆலோசனையும் கேட்க ஒரு வழி வேண்டும் என்று இன்னொரு பரிந்துரையும் எழுதினேன். முதலாவது உடனே ஏற்கப்பட்டது. இரண்டாவது, தணிக்கைத் துறையின் வரம்புக்கு உட்பட்டதுதானா என்ற குறிப்போடு மனிதவளத் துறைக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் அதை நிலுவைப் பட்டியலில் மறுபடியும் சேர்த்து அனுப்புகிறேன்.