ஒப்பந்தம் சரியாக இருந்தும் வரி கட்ட நேர்ந்த கதை

இங்கிலாந்தில் பல் சிகிச்சைக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது. ஆனால் விலக்குப் பெற்ற தொழில் என்பதால், சாதனம் வாங்கும்போது கட்டிய வரியையும் திரும்பப் பெற முடியாது. ஒரு லட்சம் பவுண்டுக்குச் சாதனம் வாங்கினால், 20 சதவீதக் கணக்கில் 20,000 பவுண்டு செலவோடு செலவாகப் போய்விடும். நான் கணக்குப் பார்க்கும் கிளினிக்குக்கு, நான் சேரும் முன்பே, ஆலோசகர் ஒருவர் இதற்கு வழி சொல்லியிருந்தார். உரிமையாளர்கள் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது சாதனங்களை வாங்கி, வாடகைக்கு விடுவது வாட் உள்ள தொழில் என்பதால் முழு வரியையும் திரும்பப் பெற்று, கிளினிக்குக்கே சொற்ப வாடகைக்கு விட்டது. வாடகை மீதான சிறு வரி மட்டுமே கிளினிக்கின் சுமை.

வரித்துறையிடமிருந்து விசாரணைக் கடிதம் வந்ததும் ஒப்பந்த நகலை அனுப்பினோம். கையெழுத்து, தேதி எல்லாம் சரி. அதிகாரியோ வேறு கேள்விகளைக் கேட்டார். எக்ஸ்ரே கருவி பழுதானால் யார் ஆளை அழைப்பது? காப்பீடு யார் பெயரில்? வெளியார் எவரேனும் இந்த வாடகைக்குத் தருவார்களா? கோப்பை எடுத்துப் பார்த்தேன். பராமரிப்பு ரசீதுகள் அத்தனையும் கிளினிக் பெயரில். ஓராண்டு வாடகை இன்வாய்ஸ்கள் முழுவதும் ஒரே நாளில் தயாரானவை. அந்த நிறுவனத்துக்கு ஓர் ஊழியர்கூட இல்லை. அதே கருவியை நேராக வாங்கி, வரியைக் கட்டிவிட்டுப் போன மற்ற பல் மருத்துவர்களை நினைத்தபோது, அவர் கேட்டது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

இதற்கு அடிப்படை, ஹாலிஃபாக்ஸ் வங்கி வழக்கில் 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு. கிடைத்த வரிச்சலுகை சட்டத்தின் நோக்கத்துக்கு முரணாக இருந்து, ஏற்பாட்டின் முதன்மை நோக்கமே அந்தச் சலுகைதான் என்பது புறச்சான்றுகளில் தெரிந்தால், அது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் வாட் விஷயத்தில் இந்த நெறி செல்லும். குத்தகைக்கு எடுப்பதே குற்றமல்ல. வீல்ட் லீசிங் வழக்கில் 2010இல் அதே நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. வாடகையும் நிபந்தனைகளும் சந்தை நிலவரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி. எங்கள் வாடகை ஒத்துப்போகவில்லை.

ஆகவே தோற்றோம். ஆனால் முதலில் வந்த கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பப் பெற்ற வரி முழுவதையும் கேட்டிருந்தார்கள். வாடகை மீது அந்த நிறுவனம் காலாண்டுதோறும் கட்டிவந்த வரியைக் கழிக்கவே இல்லை. ஏற்பாட்டைச் செயற்கை என்று ஒதுக்கினால், அதனால் கட்டிய வரியும் ஒதுங்கத்தானே வேண்டும்? ஹாலிஃபாக்ஸ் தீர்ப்பே அதைக் கழிக்கச் சொல்கிறது. தெளிவான சட்ட அடிப்படை இல்லாமல், தவறான பயன்பாடு என்ற முடிவை மட்டும் வைத்துத் தண்டம் விதிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. முடிவுக் கடிதம் வந்த 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு, வாடகை இன்வாய்ஸ்களையும் வரிக் கணக்குப் படிவங்களையும் காலாண்டு வாரியாக இணைத்து அனுப்பினேன். இந்த அடுக்கல்தான் அதிக நேரம் பிடித்த வேலை; பலன் தந்ததும் இதுதான். கழிவை ஏற்றுக்கொண்டார்கள்; தண்டம் இல்லை. மீதியை வட்டியோடு கட்டினோம்.

சாதனங்கள் இப்போது கிளினிக் பெயருக்கு மாறிவிட்டன. அந்த நிறுவனத்தின் வாட் பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்திருக்கிறோம்.