ஒரு சாண் வில்

அருங்காட்சியகக் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். பழைய பதிவேட்டோடு ஒவ்வொரு பெட்டியாக ஒப்பிட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு பெட்டியில், ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுவிட் மக்களின் ஒரு சாண் நீள வில், தீக்குச்சிப் பருமனில் மூன்று அம்புகள். 'பொம்மை' என்று தட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் பராமரிப்புப் பிரிவின் மூத்தவர் கூப்பிட்டார். "பெரிய வில்லை எடுத்து அதன் பக்கத்துல வைங்க. அப்புறம் சொல்லுங்க, பொம்மையான்னு."

மரமே வளராத நாட்டில் வில் செய்வதென்றால், கடல் கரையொதுக்கும் கட்டைதான் கதி. அதுவும் அரிதான நடு ஆர்க்டிக்கில் மான்கொம்பை மூன்று துண்டாக இணைத்திருக்கிறார்கள். குளிரில் தனி மரவில் படக்கென்று ஒடிந்துவிடும். அதனால் கரிபு மானின் முதுகுத் தசைநாரைக் கயிறாகப் பின்னி, வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்பக்கத்தில், நுனிக்கு நுனி பலமுறை ஓட்டிவிடுவார்கள். வளைக்கும்போது இழுவையைத் தாங்குவது அந்தக் கயிறுதான். பசை கிடையாது, எல்லாம் கட்டுதான். நார் தொய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளலாம்.

முறுக்க விரல் நீளத்தில் ஒரு தந்தக் கருவி உண்டு, இரு நுனியும் எதிரெதிராக வளைந்தது. இழைகளுக்கு நடுவே செருகி அரைச் சுற்று திருப்பினால் வில் தடுத்துவிடும். உடனே கருவியை மறுபக்கம் தள்ளி, அடுத்த நுனியால் இன்னொரு அரைச் சுற்று. வீட்டில் மர அளவுகோலையும் சணலையும் வைத்து முயன்றேன். கயிறு அவிழ்ந்து கன்னத்தில் அடித்ததுதான் மிச்சம்.

1881 முதல் 1883 வரை அலாஸ்காவின் பாயின்ட் பேரோவில் இருந்த இயற்கையியலாளர் ஜான் மர்டாக், இந்த விற்களை வகைபிரித்து எழுதியிருக்கிறார். அதற்குள் துப்பாக்கி வந்து வில்லை ஓரங்கட்டியிருந்தது. ஆனால் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களும் பாதிரிமார்களும் ஊருக்கு எடுத்துப்போகச் சின்னச் சின்ன கயாக் படகு, சறுக்குவண்டி, வில் என்று வாங்கினார்கள். பெட்டியில் அடங்க வேண்டுமே!

எங்கள் பெரிய வில்லின் கயிறு எப்போதோ அவிழ்ந்து, யாரோ இஷ்டத்துக்குச் சுற்றிவைத்திருந்தார்கள். உருப்பெருக்கியில் சின்னதைப் பார்த்தேன். அம்புகள் அவசர வேலை, ஒன்றில் இறகுகூட இல்லை. கயிறும் நான்கே இழைதான். ஆனால் நடுவில் முறுக்கு இருந்தது. வில் வளையும் இரண்டு இடத்திலும் கயிற்றை வில்லோடு பிணைக்கும் முடிச்சு இருந்தது. பெரியதில் காணாமல் போனவை அவைதான்.

'பொம்மை'யை அழித்துவிட்டு 'மாதிரி, கட்டுமுறை முழுமையாக உள்ளது' என்று பதிந்தேன். இப்போது இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன.