1991 டொயோட்டா பிக்கப்பில் பெரிய இன்ஜின்: ஏற்றலாமா, வேண்டாமா?

வண்டி 1991 டொயோட்டா பிக்கப். ஃபோர் வீல் டிரைவ், 22ஆர்இ என்ற நான்கு சிலிண்டர் இன்ஜின், டபிள்யூ56 என்ற ஐந்து கியர் பெட்டி, கலிபோர்னியா பதிவு. முந்தைய உரிமையாளர் 33 அங்குல டயர் போட்டிருந்தார். மலைச்சாலையில் இழுக்கவில்லை, நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரைத் தொடவே முடியவில்லை. டொயோட்டாவின் பிந்தைய பிக்கப்பான டகோமாவின் 3.4 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜினை ஏற்றிவிடலாமா என்பதுதான் கேள்வி.

எண்களைப் பார்த்தால் ஆசை வருவது நியாயம்தான். 22ஆர்இ 2366 சிசி, 116 குதிரைத்திறன், 140 பவுண்டு-அடி முறுக்குவிசை. 3.4 லிட்டர் வி6, அதாவது 5விஇசட்-எஃப்இ, 190 குதிரைத்திறன், 220 பவுண்டு-அடி. அதன் டைமிங் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. நல்ல இன்ஜின், சந்தேகமே இல்லை.

ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது, இருக்கிற இன்ஜின் உண்மையிலேயே பலவீனமானதா என்பதை. இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தோம். 22ஆர்இக்கு 171 பிஎஸ்ஐ இயல்பு, 142 குறைந்தபட்சம், சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 14க்குள் இருக்க வேண்டும். நான்கும் 155க்கு மேல், வித்தியாசம் 8. இன்ஜின் நன்றாகவே இருந்தது.

அடுத்து கணக்கு. இந்த வண்டியின் டிஃபரென்ஷியல் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும் அளவு, 4.10. அது சுமார் 28.5 அங்குல டயருக்காகப் போட்டது. ஐந்தாவது கியர் விகிதம் சுமார் 0.85. மணிக்கு 65 மைல் வேகத்தில் பழைய டயரோடு இன்ஜின் 2670 சுற்று ஓடும். 33 அங்குலத்தோடு 2300தான். 22ஆர்இயின் முறுக்குவிசை உச்சம் 2800 சுற்றில். ஏற்றம் வந்ததும் இன்ஜின் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் இதுதான். பழைய சுற்று திரும்ப வர, 4.10ஐ 33ஆல் பெருக்கி 28.5ஆல் வகுத்தால் 4.75 வருகிறது, சந்தையில் கிடைக்கும் அடுத்த விகிதம் 4.88. அதைப் போட்டால் ஐந்தாவது கியரில் 2745 சுற்று. டயர் பெரிதானதால் ஸ்பீடோமீட்டரும் 14 சதவீதம் குறைத்துக் காட்டும். ஓடோமீட்டரும் அப்படித்தான். "மைலேஜ் மோசமாகிவிட்டது" என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பிழையைக் கழிப்பதே இல்லை.

இருந்தாலும் ஸ்வாப்பை, அதாவது இன்ஜின் மாற்றத்தை, விலை பேசாமல் ஒதுக்கவில்லை. வேலையைப் பட்டியலிட்டபோதுதான் படம் தெளிவானது. 3.4 லிட்டர் இன்ஜினின் பின்பக்கம் டபிள்யூ56இல் பொருந்தாது. ஒன்று அடாப்டர் வாங்க வேண்டும், அல்லது வி6 வண்டியின் ஆர்150எஃப் கியர் பெட்டியை மாற்ற வேண்டும். கியர் பெட்டி மாறினால், முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கேள்விக்குள்ளாகும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். சேஸியில் வி6 மவுண்ட்டை வெல்டிங் செய்ய வேண்டும். ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடைவெளி போதுமா என்று அளக்க வேண்டும். இரண்டு வரிசை எக்சாஸ்ட்டையும் இணைக்கும் குறுக்குக் குழாய் இன்ஜினுக்குப் பின்னால் ஃபயர்வாலை (இன்ஜின் அறையின் பின்சுவரை) முட்டும். நான்கு சிலிண்டர் டேகோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) தவறாகக் காட்டும். டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் மீட்டர்களுக்கான சென்சார்களைப் பழைய இன்ஜினிலிருந்தே எடுத்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் பொய் சொல்லும். இன்ஜின் விலை இந்தப் பட்டியலில் சின்னப் பங்குதான்.

வயரிங்தான் பாதியில் நின்றுபோன ஸ்வாப்களில் பெரும்பாலானவற்றின் கல்லறை. இன்ஜினை மட்டும் தனியாக வாங்குவது பெரிய தவறு. ஹார்னஸ் (வயர் கட்டு), ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி), ஏர்ஃப்ளோ மீட்டரோடு ஏர் பாக்ஸ், இரண்டு ஆக்சிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிக் கேனிஸ்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியின் ஈசியுவை மேனுவல் பெட்டியோடு இணைத்தால், இல்லாத கியர் சோலனாய்டுகளைத் தேடிக்கொண்டே எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கும்.

கலிபோர்னியா விதி இதைவிடக் கறாரானது. ஏற்றும் இன்ஜின் வண்டியின் மாடல் ஆண்டுக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், அதே எடை வகுப்பில் சான்று பெற்றிருக்க வேண்டும். கலிபோர்னியா சான்றுள்ள வண்டிக்குக் கலிபோர்னியா சான்றுள்ள இன்ஜின்தான் செல்லும். பானெட்டுக்கு அடியில் ஒட்டிய எமிஷன் (புகை) ஸ்டிக்கரைப் படித்துவிட்டே, இன்ஜின் எடுக்கப்போகும் வண்டிக்குப் பணம் கொடுங்கள். 1996 அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜின் என்றால் ஓபிடி-2 என்ற தானியங்கிப் பழுதறி அமைப்பு முழுவதும், எரிபொருள் ஆவி அமைப்பு உட்பட, வேலை செய்ய வேண்டும். வழக்கமான ஸ்மாக் (புகைச் சோதனை) நிலையம் போதாது, ரெஃப்ரீ எனப்படும் சிறப்புச் சோதனையாளர் நேரில் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறுக்குக் குழாய்ச் சிக்கலுக்காக வெளிச்சந்தை ஹெடர் (மாற்று எக்சாஸ்ட் குழாய்த் தொகுதி) போட்டால், அதற்கு மாநிலத்தின் விலக்கு ஆணை எண் இல்லாவிட்டால் அங்கேயே நிராகரிப்பு.

இதே கேள்வி 3.0 லிட்டர் வி6 பிக்கப்பில் வந்திருந்தால் பதில் வேறு. அதில் ஆர்150எஃப் ஏற்கெனவே இருக்கிறது, 3.4 நேராக அதில் போல்ட் ஆகும், 3.0இன் மவுண்ட் பிராக்கெட்டுகளும் புதிய பிளாக்கில் பொருந்தும். எக்சாஸ்ட்டும் வயரிங்கும்தான் மிச்ச வேலை. 3.0இல் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்றால், அதே இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதைவிட 3.4 ஏற்றச் சொல்வேன், தயங்காமல்.

22ஆர்இ வண்டிக்கு முடிவு 4.88 கியர். ஃபோர் வீல் டிரைவில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே தீர வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பின் டிஃபரென்ஷியலில் பேக்லாஷ், அதாவது கியர் பற்களுக்கிடையே உள்ள தளர்வு, 0.13 முதல் 0.18 மி.மீ. வரை. பினியன் என்ற சிறிய கியரின் கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கும் வளையம்) புதிதாகத்தான் போட வேண்டும். இறுக்கம் அதிகமாகிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, இன்னொரு ஸ்லீவ் வாங்க வேண்டியதுதான். முதல் 500 மைல் பாரம் ஏற்றாமல், நடுநடுவே ஆறவிட்டு ஓட்டிய பிறகு எண்ணெயை மாற்ற வேண்டும்.

முன் டிஃபரென்ஷியல் கீழே இறங்கியிருக்கும் நேரத்தில்தான் 22ஆர்இயின் ஆயில் பேனைச் சிரமமில்லாமல் கழற்ற முடியும். அதனால் டைமிங் செயினையும் அப்போதே மாற்றினோம். இந்த இன்ஜினின் உண்மையான பலவீனம் அங்கேதான்: செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்தால் செயின் டைமிங் கவரைத் தேய்த்துத் தேய்த்துக் கூலன்ட் வழியைத் திறந்துவிடும், தண்ணீர் எண்ணெயில் கலக்கும், பேரிங் போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கேட்கும் கடகட சத்தம் இதன் அறிகுறி. புதிய கைடு இரும்பு முதுகுள்ளதாக இருக்கட்டும். கவரைக் கழற்றும்போது ஹெட்டின் முன்பகுதியில், கேம் ஸ்ப்ராக்கெட்டுக்கு அருகே எண்ணெய் தேங்கும் குழிக்குள் ஒரு போல்ட் மறைந்திருக்கும். அதைத் தெரியாமல் கவரை நெம்பி உடைத்தவர்கள் ஏராளம். எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

இப்போது 65 மைலில் ஐந்தாவது கியர் நிற்கிறது, முதல் கியரில் கிளட்ச்சைத் தேய்க்காமல் கிளம்புகிறது, ஸ்பீடோமீட்டர் 3 சதவீதத்துக்குள் சரியாகக் காட்டுகிறது. வி6இன் வேகம் வரவில்லை. செங்குத்தான ஏற்றத்தில் நான்காவதுக்கு இறக்கத்தான் வேண்டும். டிரெய்லர் இழுக்க வேண்டுமென்றால் இதுவும் போதாது. ஆனால் பெரிய இன்ஜின் ஏற்றினாலும் கதவோர ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை வரம்பு ஒரு பவுண்டுகூட உயராது, பிரேக்கும் அதே பிரேக்தான். அந்தத் தேவை இருப்பவர் இந்த வண்டியை விற்றுவிட்டு, 3.4 ஏற்கெனவே உள்ள டகோமாவைப் பார்க்கலாம்.