கச்சான் காற்றும் ஒரு ரிஃப்ளெக்டரும்

ஆடி மாதத்தில் ராமநாதபுரம் கரையில் ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடும் தட்டு) பிடித்து உருவப்படம் எடுக்க முடியாது என்று சொன்னவர்கள் எல்லோரும் என் அரியமான் படங்களை வந்து பார்க்கலாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, முகத்தில் நிழல் இல்லை, இரண்டு கண்ணிலும் வெளிச்சப் புள்ளி இருக்கிறது. கற்றுக்குட்டிதான், ஆனாலும் இதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை.

இடம் முடிவு செய்வதற்குள்ளேயே நண்பர்களோடு பாதிச் சண்டை. எல்லோருக்கும் தனுஷ்கோடி தேவாலயம் வேண்டும். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்த இடத்தில் புதுச் சட்டையோடு நின்று சிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை விட்டாலும், அங்கே காற்றுக்கு ஒதுங்க மறைவு கிடையாது. மாலை வெளிச்சம் கனிகிற நேரம் பார்த்துப் போலீசார் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். அதனால் உச்சிப்புளி பக்கம் அரியமான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சவுக்குத் தோப்பும் இருக்கிறது, பின்னணிக்குக் கவலையில்லை.

நேரம் காலை எட்டு மணிக்குள். எங்கள் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆடியிலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வெயிலில் எடுத்தால் கண்குழி இரண்டும் கருத்து, எந்த அழகனும் நோயாளியாகத் தெரிவான்.

இனி ரிஃப்ளெக்டர். காலையில் சூரியன் கிழக்கே. நண்பனுக்குப் பின்னால் வெயில் விழ வேண்டுமென்றால் அவன் மேற்கே பார்த்து உட்கார வேண்டும், ரிஃப்ளெக்டர் அவனுக்கு எதிரே கிழக்கைப் பார்க்க வேண்டும். கச்சானோ தென்மேற்கிலிருந்து வந்து அதன் முதுகில் அறைகிறது. 110 சென்டிமீட்டர் வட்டம் அந்தக் காற்றில் பாய்மரத்துப் பாய்தான். பிடித்தவனையும் சேர்த்து இழுத்தது. மாலைக்கு மாற்றினாலும் பயனில்லை. அப்போது சூரியன் மேற்கே, காற்று நெஞ்சில் அறையும். தரையில் படுக்கப் போட்டால் வெளிச்சம் கீழிருந்து ஏறி மூக்குத்துளை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. விளக்குத் தாங்கியில் மாட்டினால் தாங்கி மணலில் நிற்கவில்லை.

வழி சொன்னவன் கேமராவையே தொடாத நண்பன். மண்டபத்தில் கடலுக்குப் போகிறவன். சிறிது நேரம் எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு, “காற்றை எதுக்குடா மல்லுக்கட்டுகிறாய்? மறைவுக்குப் போ” என்றான். கரையேற்றி வைத்திருந்த நாட்டுப்படகின் கிழக்குப் பக்கத்தில் ரிஃப்ளெக்டரைச் சாய்த்து வைத்தோம். அடியில் மணல் நிரப்பிய சிமெண்டுச் சாக்கு, மேலே படகின் கயிற்றில் ஒரு கட்டு. படத்துக்கு உட்காரும் நண்பனைத் தாழ்வாகக் கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையில் உட்கார வைத்தேன். படகு இடுப்புயரம்தான் என்பதால் நின்றால் வெளிச்சம் நெஞ்சோடு நின்றுவிடும். நான் ரிஃப்ளெக்டரின் ஓரத்தில் குந்திக்கொண்டு 50 மி.மீ. லென்ஸில் எடுத்தேன். தட்டு அசையவே இல்லை. இனி எங்கே போனாலும் நான் முதலில் தேடப்போவது மறைவைத்தான், பின்னணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரிஃப்ளெக்டரின் வெள்ளி நிறப் பக்கம் கண்ணைக் கூச வைக்கிறது. வெள்ளைத் துணிப் பக்கமே போதும், ஏனென்றால் மணலே பாதி வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. தங்க நிறப் பக்கம் நம் நிறத்துக்கு மஞ்சள் தட்டிவிடும், தொடவே வேண்டாம். கண் கூசுகிறவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொன்னால் இமை சுருங்குவதற்குள் ஒரு படம் கிடைக்கும். வெளிச்ச அளவை முகத்துக்கு வைத்துவிட்டேன். மணல் வெளுத்தால் வெளுக்கட்டும்.

ரிஃப்ளெக்டர் மதுரையில் வாங்கியது. விலையைக் குறைக்கவில்லை, ஆனால் வளையம் முதல் மடிப்பிலேயே கோணிவிட்டது. மாற்றித் தரக் கேட்டதற்குக் கடைக்காரர் “மடிக்கத் தெரியாமல் மடித்திருக்கிறீர்கள் தம்பி” என்றார். எனக்கா மடிக்கத் தெரியாது? அதனால் அடுத்தது சொந்தத் தயாரிப்பு: முக்கால் அங்குல பிவிசி குழாயில் சதுரச் சட்டம், அதில் பழைய வேட்டி. மெல்லிய துணி ஊடாகக் கொஞ்சம் காற்று போய்விடும் என்பது என் கணக்கு. வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்று தொடங்கியதும் அரியமான் பக்கம் அலை எழும், தெற்குப் பக்கம் அமைதியாகிவிடும். அப்போது பாம்பன் பக்கம் குந்துகால் போகலாம். 1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய இடம், அதிகாலையில் கூட்டமும் இருக்காது.

அரியமான் படங்களில் பாதியை இன்னும் கணினியில் திறந்துகூடப் பார்க்கவில்லை. நண்பனின் தங்கை தினமும் “அண்ணே, என் படம் எங்கே?” என்று கேட்கிறாள். குழாய் வாங்கியாயிற்று, மூலை இணைப்புகள் பாக்கி. வேட்டிக்கு அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.