மூன்றாம் வகுப்பு நாட்குறிப்பு: சிவானிலிருந்து வந்தவள்

2024 ஜூன் 12, புதன்

பள்ளி திறந்து இன்று மூன்றாம் நாள். லைன் வீட்டிலிருந்து ஒரு தாய் எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பீகார், சிவான் மாவட்டம். தகப்பனார் பனியன் கம்பெனியில் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் ஓடுவதால் அவரால் வர முடியவில்லை. மாற்றுச் சான்றிதழ் இல்லை. "டி.சி. வாங்கிக்கொண்டு வரட்டும்" என்றார் உடன் பணிபுரியும் ஒருவர். நான் விடவில்லை. சான்றிதழ் வரத் தாமதமானாலும், வயதுச் சான்றே இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். இந்தியாவின் மறுகோடிக்குப் போய் ஒரு தாள் வாங்கி வரும்வரை பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பதா? தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டார்.

பெயர் எழுதும்போது இன்னொரு பேச்சு எழுந்தது. பெயர் 'குமாரி' என்று முடிகிறது. அது தகப்பனார் பெயரா, குடும்பப் பெயரா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. சாதிப் பெயரை வெளிக்காட்ட விரும்பாத பலர் பீகாரில் குமார், குமாரி என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொண்டதும் அதற்காகத்தானே! தகப்பனாரின் முதல் எழுத்தை முன்னால் போட்டேன், குமாரியையும் விடாமல் எழுதினேன்.

இந்தக் குறிப்புகளில் பிள்ளைகளின் பெயர் வராது. ஊர்ப்பெயரால்தான் சொல்லப்போகிறேன்.

மதியம் பிள்ளைகள் வழக்கம்போல் "சார், சார்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் நான்கு விரல்களை நீட்டிக்கொண்டு சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. இந்தியில் நான்குக்குச் 'சார்'. யாரோ ஏதோ எண்ணச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

ஜூன் 19, புதன்

நேற்றுக் காலை உணவுக்குக் கிச்சடி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் முகம் மலர்ந்தது. தட்டில் ரவையைப் பார்த்ததும் வாடிவிட்டது. ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். சமையல் அக்கா "சாப்பிடு கண்ணு" என்று எவ்வளவோ கெஞ்சினார்.

இன்று வெண்பொங்கல். இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். மிளகை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். "கிச்சடி" என்றாள். "இது பொங்கல் கண்ணு" என்றார் அக்கா. தலையாட்டி மறுத்தாள்: "கிச்சடி." அவள் சொன்னதில் பிழையே இல்லை. அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்தால் அவள் ஊரில் அதுதான் கிச்சடி.

ஜூலை 4, வியாழன்

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். சிவான் பெண் அரும்பு. எழுத்தே அறியாத பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். இன்று அவள் பையில் ஓர் இந்திப் பாடநூல் இருந்தது. வாசிக்கச் சொன்னேன். ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். என் வகுப்பில் தமிழை அப்படி வாசிப்பவர்கள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள்.

கைப்பேசிச் செயலியில் இதைப் பதிய இடமில்லை. அங்கே அவள் எழுத்தறியாதவள். மூன்று வாரமாக நானும் அவளை அப்படியே நடத்தியிருக்கிறேன். 'அ'வை மணலில் எழுதவைத்துக்கொண்டிருந்தேன். வாசிப்பு என்றால் என்ன என்று முன்பே தெரிந்த பிள்ளைக்குப் புதிய எழுத்து உருவங்கள் மட்டும் போதும். இரண்டும் வேறு வேறு வேலை.

பயிற்சித் தாளில் 'ஆம் / இல்லை' என்று இருந்த இடத்தில் ஒரு மாம்பழம் வரைந்திருந்தாள். சொல்லை வாசித்துக் காட்டியது நான்தான். இந்தியில் ஆம் என்றால் மாம்பழம். செவிக்கு எட்டியதை அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

ஜூலை 23, செவ்வாய்

இன்று நடந்ததை விரிவாகவே எழுதிவைக்க வேண்டும்.

கரும்பலகையில் கடல், பகல், தங்கம் என்று எழுதி வாசித்தேன். எல்லாரும் எழுதினார்கள். அவள் நோட்டில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கீழே பென்சிலால் பொடியாக இந்தி எழுத்துகள். நான் சொல்லும் ஒலியை மறந்துவிடாமலிருக்க அவளாகவே கண்டுபிடித்த வழி. எனக்குத் தேவநாகரி முழுதாகத் தெரியாது. வீட்டுக்கு எடுத்து வந்து எழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று சொல்லிலும் இருப்பது ஒரே 'க'. அவளோ மூன்று வேறு எழுத்துகளைப் போட்டிருக்கிறாள். கடலில் வல்லோசை. தங்கத்தில் மெல்லினத்தை அடுத்து வருவதால் கனிந்த ஒலி. பகலில் கிட்டத்தட்ட 'ஹ'.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவள் எழுதியதுதான் சரி. இத்தனை ஆண்டு தமிழ் பேசி, பதினாறு ஆண்டு தமிழ் கற்பித்தும் இந்த மூன்று ஒலியும் என் காதில் தனித்தனியாக விழுந்ததில்லை. நமக்கு ஓர் எழுத்தே போதும். சொல்லில் எங்கே நிற்கிறது என்பதே ஒலியை முடிவு செய்துவிடுகிறது. இந்தியில் க (ka), ख (kha), ग (ga), घ (gha) என்று நான்கு எழுத்தைப் பிரித்துக் கற்ற பிள்ளைக்கு இது ஒரு புதிர். அவள் தடுமாறி வாசிப்பதற்குக் காரணம் மந்தம் இல்லை. எங்களில் யாரும் அவளுக்கு விதியைச் சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

சொன்னேன். சொல்லின் முதலில் வந்தால் இப்படி, இரட்டித்தால் இப்படி, ங் பக்கத்தில் வந்தால் இப்படி, நடுவில் தனியாக வந்தால் இப்படி. மொட்டு, மலர்ப் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மதியத்துக்குள் 'ப'வுக்கும் 'த'வுக்கும் அதே விதியை அவளே பொருத்திப் பார்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ரக்ஷா பந்தன். ஓவர்லாக் மெஷினில் மிஞ்சிய ஆரஞ்சு, பச்சை நூல்களை முறுக்கி ஐந்து கயிறு கொண்டுவந்து வகுப்புப் பையன்களுக்குக் கட்டினாள்.

போன வாரம் உறவுப் பெயர்கள் நடத்தியபோது, அத்தை மகள் என்றதும் பையன்கள் கேலியாகச் சிரித்தார்கள். அவளுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. அவள் வீட்டில் அத்தை மகன் அண்ணன்தான். நமக்கு முறைப்பையன். காரணத்தை மெல்ல விளக்கியபோது பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். எது முறை, எது முறையில்லை என்பது பிள்ளைகளின் நெஞ்சில் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். எங்கள் ஊர் வழக்கம் இது, உங்கள் ஊர் வழக்கம் அது என்று இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

கயிறு கட்டிக்கொண்ட ஒருவன் என்னிடம் வந்தான். "இனி நான் அவளுக்கு அண்ணனா சார்?" ஆமாம் என்றேன். "அப்படியென்றால் அவளை இந்திக்காரி என்று கூப்பிடுகிறவர்களை நான் கேட்கலாம், இல்லையா?"

ஆகஸ்ட் 28, புதன்

ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். நான் செய்த முதல் காரியமே தவறு. சிவான் பெண்ணை அழைத்து, "அவனிடம் கேட்டுச் சொல்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்கு ஒடியா மட்டும்தான் தெரியும்.

அவளுக்கும் இந்தி பள்ளிக்கூடத்து மொழிதான். வீட்டில் பேசுவது போஜ்புரி. கோடிக்கணக்கானவர்கள் பேசியும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைக்காத மொழி அது. தாய்மொழிக்காக 1965இல் தெருவில் இறங்கிய மண்ணில் பிறந்தவன் நான். வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் ஒரே மொழிக்குள் அடைக்க எனக்கு எப்படி மனம் வந்தது?

நவம்பர் 7, வியாழன்

சிவான் பெண்ணின் இடம் காலி. தீபாவளிக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். இன்று அங்கே சத் பூஜை. ஆற்றிலோ குளத்திலோ இடுப்பளவு நீரில் நின்று, மறையும் சூரியனுக்குப் படையல் காட்டி வணங்குவார்கள்.

"இவர்கள் இப்படித்தான், படிப்பைவிடப் பண்டிகைதான் பெரிது" என்றார் ஒருவர் ஆசிரியர் அறையில். எனக்கு மனம் பொறுக்கவில்லை. இன்று கந்த சஷ்டி. என் அம்மா ஆறு நாள் விரதம் இருந்து, மாலையில் சூரசம்ஹாரம் பார்க்கக் காத்திருக்கிறார். சஷ்டி என்ற சொல்தான் அங்கே சத் ஆகியிருக்கிறது. அதே ஆறாம் நாள். மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர் பொங்கலுக்கு ஊர் வந்தால் அதைப் பாசம் என்கிறோம். படிப்பு விட்டுப்போகிறது என்ற கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் அதைத் தீர்க்க வேண்டியவர்கள் நாம். திரும்பி வரும்போது விட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுக்க நாள் ஒதுக்கினால் போதும்.

டிசம்பர் 2, திங்கள்

வந்துவிட்டாள். பை நிறையத் தேக்குவா: கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பொரித்த பணியாரம். சமையல் அக்காவுக்கு இரண்டு தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

2025 ஜனவரி 10, வெள்ளி

பள்ளியில் சமத்துவப் பொங்கல். பானை பொங்கும்போது எல்லாரும் குலவையிட்டோம். வரும் 14ஆம் தேதி அவர்கள் ஊரிலும் பண்டிகை. பெயர் என்ன என்று கேட்டேன். "கிச்சடி, சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் அசரவில்லை, எழுந்து நின்று தமிழில் சொன்னாள்: "நீங்கள் பொங்கல் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள், பண்டிகையின் பெயரும் பொங்கல். நாங்கள் கிச்சடி சமைத்துச் சாப்பிடுகிறோம், பண்டிகையின் பெயரும் கிச்சடி." சிரிப்பு நின்றுவிட்டது. செயலியில் அவளை மொட்டுக்கு மாற்றினேன்.

பலாங்கீர் பையன் அப்போதும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தான். ஐந்து மாதத்தில் அவனுக்காக நான் செய்தது குறைவு. அவளுக்காக இந்தி எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன், அவனுக்காக ஒன்றும் செய்யவில்லை. மாலையில் அவன் கையில் சாக்பீஸைக் கொடுத்து, ஒடியாவில் அவன் பெயரை எழுதச் சொன்னேன். இந்தி எழுத்துக்கு இருப்பதுபோல் மேலே கோடு இல்லை, எல்லாம் வட்ட வட்டமாக இருந்தது. "சார், இது நம் எழுத்து மாதிரி இருக்கிறது" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. ஓலையில் எழுதிய எழுத்துகள் வட்டமாகத்தான் வளர்ந்தன, கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும் என்று சொன்னேன். அவன் இன்னும் மூன்று சொல் எழுதினான். என்ன சொற்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பலாங்கீர் அம்மா ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஷிப்ட் முடியும் நேரத்தில் வாசலில் காத்திருந்து பேசினேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பலகையை அழிக்க வேண்டாம் என்று காவலர் ஐயாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.