ஆர் மதிப்பு குறைந்தால் வேலை முடிந்ததா?

எக்ஸ்-கதிரை வைத்துப் படிகத்தின் அணு அமைப்பைக் கண்டுபிடிக்கும்போது, நாம் சொல்லும் அமைப்பு அளவீட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்தான் ஆர் மதிப்பு; குறைந்தால் நல்லது. எங்கள் ஆய்வகத்தில் பெரிய கருவிகள் கிடையாது. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கிய எஃகு ஆட்டோகிளேவ்கள் (அழுத்தம் தாங்கும் மூடிய பாத்திரங்கள்), உள்ளே வைக்க டெஃப்லான் கப்புகள், ஒரு ஓவன், ஒரு மைக்ராஸ்கோப். இரும்பு, கோபால்ட் பாஸ்பேட் படிகங்கள் வளர்க்க இவ்வளவு போதும்.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது, "இதுக்குள்ள என்னங்க வேகப்போகுது?" கல்லுங்க என்றேன். சிரித்தார். ஆனால் அவர் சொன்ன ஒன்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காதது: "டெஃப்லான் சூட்டுல பெருத்து, ஆறுனா சுருங்கிப்போகும்ங்க. எவ்வளவு இறுக்குனாலும் தளரும். மூடிக்குக் கீழ ஸ்பிரிங் வாஷர் போட்டுத் தர்றேன்." அதற்கப்புறம் கசிவு அரிதாகிவிட்டது.

செய்முறை எளிதுதான். உலோக உப்பு, பாஸ்பாரிக் அமிலம், பிப்பரசின் போன்ற ஒரு அமீன் (நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம்), தண்ணீர். கப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. 180 டிகிரி செல்சியஸில் உள்ளே அழுத்தம் சுமார் 10 பார். சாதாரணமாகக் கரையாத பாஸ்பேட் அங்கே கரைந்து மெதுவாகப் படிகமாகிறது. சில நாள் விட்டு, அவசரப்படாமல் ஆறவிட வேண்டும். கோபால்ட் என்றால் திறந்ததுமே ஒரு துப்பு கிடைக்கும்: இளஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கோபால்ட்டைச் சுற்றி ஆறு அணுக்கள் (எண்முகி), அடர்நீலம் என்றால் நான்கு (நான்முகி).

படிகம் பொறுக்குவதில் எங்களில் கெட்டிக்காரர் காங்கேயம் பக்கத்து மாணவி. வீட்டில் ரத்தினக்கல் வியாபாரம். கல்லைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பது சின்ன வயதுப் பழக்கம். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே சுழற்றும்போது நல்ல ஒற்றைப் படிகம் முழுதாக ஒரே நேரத்தில் இருளும். பாதி இருண்டு பாதி மின்னினால் அது இரட்டைப் படிகம், அதாவது இரண்டு ஒட்டி வளர்ந்தது. பளபளப்பான பெரிய படிகத்தை எடுக்க மற்றவர்களுக்குக் கை நீளும். அவர் ஓரத்தில் கிடக்கும் சின்னதை எடுப்பார். அதுதான் எக்ஸ்-கதிர் சிதறலை அளக்கும் டிஃப்ராக்டோமீட்டரில் ஒழுங்காக வேலை செய்யும்.

இப்போது மென்பொருள் கட்டமைப்பைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடுகிறது. ஆர் மதிப்பு குறைவாக வந்தால் பலர் அதோடு எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. எக்ஸ்-கதிரைச் சிதறடிப்பது எலக்ட்ரான்கள்தான்; இரும்புக்கு 26 எலக்ட்ரான், ஹைட்ரஜனுக்கு ஒன்று. ஒரு ஹைட்ரஜன் விடுபட்டாலும் ஆர் மதிப்பு பெரிதாகக் காட்டிக்கொடுக்காது.

ஒரு இரும்பு பாஸ்பேட்டில் இப்படித்தான் ஆனது. எண்கள் எல்லாம் அழகு, ஆனால் மின்னூட்டக் கணக்கு நேராகவில்லை; எதிர்மின்னூட்டம் ஒன்று மிஞ்சி நின்றது. இரும்பு–ஆக்சிஜன் பிணைப்பு நீளங்கள் 2 ஆங்ஸ்ட்ராமை (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) ஒட்டி இருந்தன. பிரவுனும் ஆல்டர்மாட்டும் 1985இல் வெளியிட்ட பிணைப்பு இணைதிறன் அளவுகளை (பிணைப்பு நீளத்திலிருந்து அணுவின் மின்னூட்டத்தைக் கணிக்க உதவுபவை) வைத்துக் கூட்டினால் மூன்றுக்கு அருகில் வந்தது. ஆக, இரும்பு மூன்று மின்னூட்டம் கொண்டதுதான். சந்தேகம் பாஸ்பேட் பக்கம் திரும்பியது. பாஸ்பரஸ்–ஆக்சிஜன் நீளம் வழக்கமாக 1.54 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். ஆக்சிஜனில் ஹைட்ரஜன் ஒட்டியிருந்தால் கொஞ்சம் நீளும். இதில் ஒன்று மட்டும் 1.58. அந்த ஆக்சிஜன் எந்த இரும்போடும் சேரவில்லை. பக்கத்து ஆக்சிஜன் ஒன்று ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏற்ற தூரத்தில் இருந்தது.

அது பாஸ்பேட் இல்லை, ஹைட்ரஜன் பாஸ்பேட். அந்த ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்ததும் கணக்கு நேரானது. ஆர் மதிப்பு கிட்டத்தட்ட அசையவே இல்லை.