ஜெரமி பிரெட் தொகுப்பு: இதுவரை முடிந்த வேலை

பிரிட்டிஷ் நடிகர் ஜெரமி பிரெட் 1995 செப்டம்பர் 12 அன்று மறைந்தார். கிரானடா தொலைக்காட்சிக்காக 1984 முதல் 1994 வரை அவர் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸைத்தான் பெரும்பாலோருக்குத் தெரியும். ரசிகர் தொகுப்புகளும் அந்தக் கறுப்புக் கோட்டுப் படங்களில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன. நாங்கள் படங்களைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, எந்த நாளில் என்ன வேலை, அதற்கு என்ன சான்று என்ற பட்டியலை முதலில் எடுத்தோம். படம் எங்கும் கிடைக்கும். சரியான தேதிக்குத்தான் அலைய வேண்டும்.

ஹோம்ஸ் கணக்கு இது: ஒரு மணி நேர இடத்துக்கான பகுதிகள் 36, முழுநீளப் படங்கள் 5, ஆக 41. 1984, 85-இல் 13, 1986-இல் 7, 1988-இல் 4, 1991-இல் 6, 1994-இல் 6. முழுநீளப் படங்கள் 1987 முதல் 1993 வரை இடையிடையே வந்தன. இதை ஒரே வரிசையாக எழுதினால் குழப்பம்தான். ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் கதைகள் வெளியான வரிசை ஒன்று, படப்பிடிப்பு வரிசை ஒன்று, ஒளிபரப்பு வரிசை ஒன்று. முதலில் படமாக்கியது ‘தி சாலிட்டரி சைக்கிளிஸ்ட்’. ஒளிபரப்பில் அது நான்காவது, 1984 மே 15. முதலில் ஒளிபரப்பானது ‘எ ஸ்காண்டல் இன் பொஹீமியா’, ஏப்ரல் 24. ஆகவே படப்பிடிப்புக்கும் ஒளிபரப்புக்கும் தனித்தனிப் பத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சான்றுப் பத்தி. சான்று இல்லாத கட்டம் காலியாகவே இருக்கும், ஊகித்து நிரப்புவதில்லை.

ஹோம்ஸின் தோழர் வாட்சனாக நடித்தவர்களுக்கும் ஒரு பத்தி தேவைப்பட்டது. முதல் 13 பகுதிகளில் டேவிட் பர்க், 1986 ஜூலை 9-இல் வந்த ‘தி எம்ப்டி ஹவுஸ்’ முதல் எட்வர்ட் ஹார்ட்விக். ‘அங்கிருந்து எல்லாம் ஹார்ட்விக்’ என்று எக்செல் அட்டவணையில் ஒரே பெயரைக் கீழே இழுத்து நிரப்பினால் பிழையாகும். 1994-இன் ‘தி கோல்டன் பின்ஸ்-நே’ பகுதியில் வாட்சனே கிடையாது; அந்த இடத்தில் ஹோம்ஸின் அண்ணன் மைக்ரோஃப்டாக சார்ல்ஸ் கிரே. ‘தி மசாரின் ஸ்டோன்’ பகுதியிலோ பிரெட்டின் உடல்நலக் குறைவால் ஹோம்ஸ் பெரும்பாலும் திரைக்கு வெளியே. அங்கும் துப்பறிவது மைக்ரோஃப்ட்தான். இழுத்து நிரப்புவது சோம்பேறிக்கு வசதி, அவ்வளவுதான்.

அதிகம் சேதம் செய்வது தேதி வடிவம். பிரிட்டிஷ் பட்டியல்களில் நாள் முன்னால், மாதம் பின்னால். அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்செலில் அதை ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1984-இன் ஏழு பகுதிகளே போதும். 24/4, 15/5, 22/5, 29/5 நான்கிலும் நாள் 12-க்கு மேல். எக்செலுக்கு அது தேதியாகவே தெரியாது, எழுத்தாக விட்டுவிடும். 1/5, 8/5, 5/6 மூன்றும் சத்தமில்லாமல் ஜனவரி 5, ஆகஸ்ட் 5, மே 6 ஆகிவிடும். தேதிவாரியாக அடுக்கினால் ‘தி டான்சிங் மென்’ ஜனவரியில், தொடர் தொடங்குவதற்கு முன்பே, போய் நிற்கும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு, 1984-05-01 என்று ஆண்டிலிருந்து தொடங்கி எழுதுவதே தீர்வு. கோப்புப் பெயருக்கும் இதே முறைதான். அடுக்கினால் தானே கால வரிசைக்கு வந்துவிடும்.

சான்று தேடும்போது, பிபிசியின் பழைய நிகழ்ச்சிப் பட்டியல்களை இணையத்தில் தரும் பிபிசி ஜீனோமை முதலில் திறப்பது வழக்கம். 1966-இல் பிபிசியில் அவர் டார்டன்யானாக வந்த ‘தி த்ரீ மஸ்கட்டியர்ஸ்’ போன்றவற்றுக்கு அது பொன்னான இடம். ஹோம்ஸை அங்கே தேடிப் பயனில்லை: கிரானடா பிபிசிக்குப் போட்டியான ஐடிவி என்ற தனியார் ஒளிபரப்பைச் சேர்ந்த நிறுவனம், ஜீனோமுக்கு மூலமான ரேடியோ டைம்ஸ் இதழோ 1991 மார்ச் வரை பிபிசி நிகழ்ச்சிகளை மட்டுமே அச்சிட்டது. அதற்கு முந்தைய ஐடிவி தேதிகளுக்கு டிவி டைம்ஸ் இதழைத்தான் புரட்ட வேண்டும். அது வட்டாரப் பதிப்புகளாக வந்தது என்பதால் எந்த வட்டாரத்துப் பிரதி என்பதையும் குறிக்கிறோம். அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸின் ஒளிபரப்புத் தேதிகள் பிந்தியவை. இணையப் பட்டியல்கள் பலவற்றில் அவை பிரிட்டிஷ் தேதிகளோடு கலந்து கிடக்கின்றன.

நாடக நிகழ்ச்சி ஏடுகள் இன்னும் சிக்கல். பலவற்றில் ஆண்டே அச்சாகியிருக்காது. விளம்பரங்கள்தான் காட்டிக்கொடுக்கும்: லண்டன் தொலைபேசிக் குறியீடு 01 என்று இருந்தால் அது 1990 மே மாதத்துக்கு முந்தையது; 071, 081 என்றால் பிந்தையது. 1988-இல் லண்டன் விண்டம்ஸ் அரங்கில் தொடங்கிய ‘தி சீக்ரட் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ நாடகத்தின் ஏடுகளையும் இப்படிச் சரிபார்க்கலாம். நடிகர் மாற்றத்தை அறிவிக்கும் துண்டுச்சீட்டு உள்ளே இருந்தால் எடுத்துத் தனியே போடாமல், எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே வைத்து ஒரு ஸ்கேன், எடுத்துவிட்டு ஒரு ஸ்கேன்.

ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), தரம் குறையாத டிஃப் கோப்பு வடிவம். அச்சுப் படம் புள்ளிகளால் ஆனது. 200, 300 டிபிஐ-யில் எடுத்தால் அந்தப் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதி முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். 600-இல் எடுத்து, படத் திருத்த மென்பொருளில் ஒன்றரை முதல் இரண்டு பிக்சல் காஸியன் மங்கல் (மென்மையாக்கல்) கொடுத்து, பிறகு 300-க்குக் குறைத்தால் போய்விடும். முதலிலேயே குறைத்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை எடுக்க முடியாது. மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்து தெரிந்தால் தாளின் பின்னால் கறுப்பு அட்டை வைக்க வேண்டும். ஸ்கேனர் மூடியின் வெள்ளை நிறம்தான் பின்பக்கத்தைக் காட்டிக்கொடுப்பது. துருப்பிடித்த ஸ்டேப்பிளை இழுக்கக் கூடாது. கால்களை நிமிர்த்தி உள்ளிருந்து தள்ள வேண்டும். செல்லோடேப், பிவிசி உறை இரண்டும் ஆகாது. பாலியெஸ்டர் உறை போதும்.

விஎச்எஸ் வீடியோ நாடாக்களை ஏன் தொட வேண்டும், டிவிடி இருக்கிறதே என்று தோன்றலாம். ஒளிபரப்பிலிருந்து பதிந்த நாடாவில் அறிவிப்பாளர் குரலும், விளம்பர இடைவேளை அட்டையும், அடுத்த வார முன்னோட்டமும் இருக்கும். தேதிக்கும் அவை சான்று. ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரியும் நாடாவை இயந்திரத்தில் போடாதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட்டும் போய்விடும், அடுத்த நாடாவுக்கும் பரவும். நல்ல நாடாவை ஒருமுறை முழுக்க ஓட்டித் திரும்பச் சுற்றினால் இழுவை சீராகும். கணினிக்கு எடுக்க எஸ்-வீடியோ வெளியீடு, நடுவில் படத்தின் ஆட்டத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர், பதிவு தரம் இழக்காத எஃப்எஃப்வி1 வடிவில். மணிக்கு 25, 30 ஜிபி பிடிக்கும், பரவாயில்லை.

டிவிடியிலிருந்து எடுக்கும் அசையாப் படங்களில் பிரெட்டின் ஒடுக்கமான முகம் இன்னும் ஒடுங்கியோ, விரிந்து பரந்தோ தெரியும். பிரிட்டனின் வீடியோ முறையான பிஏஎல்-இல் சட்டகம் 720×576 பிக்சல். 4:3 படத்துக்கு அதை 768×576 ஆக்கிச் சேமிக்க வேண்டும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி என்றால் 720×480-ஐ 640×480. ஓட்ட நேரத்திலும் பார்க்க வேண்டியது உண்டு: 1964-இன் ‘மை ஃபேர் லேடி’ 170 நிமிடம், பிஏஎல் டிவிடியில் நொடிக்கு 24 சட்டகம் 25 ஆக ஓடுவதால் 163 காட்டும். அது வெட்டிய பதிப்பு அல்ல. அதில் அவர் ஃப்ரெடியாக வருகிறார், பாடும் குரல் பில் ஷர்லியுடையது. ஒலிக்கோப்புப் பத்தியில் அந்தப் பெயரும் இருந்தாக வேண்டும்.

படங்களுக்கான உரிமை புகைப்படக்காரருக்கோ நிறுவனத்துக்கோ உரியது, பிரிட்டனில் புகைப்படக்காரர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். எனவே பொதுவில் சிறு அளவுப் படமும் விவரமும் மட்டுமே, பகுதிகளை ஏற்றுவதில்லை. நோய், குடும்பம் பற்றிய கிசுகிசுத் துணுக்குகளுக்குப் பட்டியலில் இடமில்லை. மூலக் கோப்புகள் மூன்று பிரதிகள், ஒன்று வேறு ஊரில், ஒவ்வொன்றுக்கும், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க, ஷா-256 எண்.

அடுத்து 1950-களின் மேடை வேலைகள். பிறப்புப் பெயர் பீட்டர் ஜெரமி வில்லியம் ஹக்கின்ஸ் என்பதால் ஹக்கின்ஸ் என்றும் தேட வேண்டும். பழைய நாளிதழ் ஸ்கேன்களில் எழுத்துணரி ‘பிரெட்’டின் இரட்டை டி-யை எல் என்றோ ஐ என்றோ படித்துவைக்கும், அந்தப் பிழை வடிவங்களையும் தேடல் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.